நாலு நிமிசக் கறண்ட்

ஒரு கலியாண வீட்டைக் கோத்து முடிக்க
என் கொம்பியூட்டருக்குப் பதினொரு மணித்தியாலம் வேணும்.
மாப்பிள்ளை தாலியைத் தூக்கும் இடத்தில்,
எண்பத்தேழு வீதத்தில்,
கறண்ட் போகும்.
திரும்பவும் பூச்சியத்திலிருந்து
பால் அறுகு வைக்கத் தொடங்குவார்கள்.

தர்மசீலன் வீட்டார் மூன்று தரம் வந்துபோனார்கள்.
மகள் இப்போது ஆறு மாத வயிற்றோடு.
"பிள்ளை பிறந்தாப்பிறகு தருவியோ,
இல்லை அதின்ரை சாமத்தியத்தோட
சேத்துத் தருவியோ?"

அதனால்தான் வாங்கினேன்.
கொழும்பில் யாரோ கழற்றிப் போட்டது, நாலு கரு.
பழசு, ஆனால் என்னுடையதைவிடப் புதுசு.
டொபிப் பேணிக்குள் பஞ்சு சுற்றி
இரவு பஸ்ஸில்
ஒட்டுசுட்டானுக்கு வந்து இறங்கியது.

பெட்டியைத் திறந்தால் பல்லி முட்டை இரண்டு.
காற்றாடி இறகுகளில்
தெருவுக்குத் தார் போடுமுன் பறந்த கிறவல்.
பழைய செயலியின் முதுகில் பசை காய்ந்து
சுண்ணாம்பாய்க் கிடந்தது.
சுவர்ணிகா ஊசி போடுமுன் தடவுகிற ஸ்பிரிட்டால்
துடைத்தாள்.

அடியில் எழுநூற்று எழுபத்தைந்து ஊசிகள்,
காற்றடித்த நாற்றுமேடைபோல
ஒரே பக்கம் சாய்ந்து.
ஒன்று மட்டும் மறுபக்கம் பார்த்தது.
குழந்தைகளுக்கு நரம்பு தேடுகிற கை அவளுடையது.
அவளே நிமிர்த்தினாள்.
நான் மூச்சை வெளியே போய் விட்டுவந்தேன்.

புதியதை வைத்து நெம்புகம்பியை அழுத்தினேன்.
நறுக்கென்றது.
மிளகளவு பசை. காற்றாடி. ஆழி.
திரையில் ஒரேயொரு வரி:
அடையாளம் தெரியாத செயலி.

அதற்குமேல் அசையவில்லை.
ஓமந்தையில் ஒருகாலம்
பஸ்ஸால் இறக்கி, பையை விரித்து,
படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து
எங்களையும் இப்படி நிறுத்தியதுண்டு.
நான் வாயைத் திறக்கவில்லை.
அவள்தான் சொன்னாள்:
"லிஸ்ட்டில பேர் இல்லைப்போல."

லிஸ்ட்டைத் திருத்தப் பழையதே வேண்டுமாம்.
அதைத் திரும்பப் பூட்டி
அதைக்கொண்டே எழுதுவிக்க வேண்டும்,
இனி வருவது இன்னார், உள்ளே விடு என்று.
நாலு நிமிசம்.
இடையில் கறண்ட் நின்றால் பலகை சாகும்.
பிறகு புதியதும் இல்லை, பழையதும் இல்லை.

யூபிஎஸ் பற்றரி போன மாரியோடு வீங்கிவிட்டது.
மின்சாரசபை விமலேந்திரனுக்கு அடித்தேன்.
"இண்டைக்கு மரம் வெட்டு இல்லை.
காத்தும் இல்லை.
குரங்குக்கு நான் பொறுப்பில்லை."

நீலப் பட்டை நகர்ந்தது.
பத்து. இருபது.
வெளியே கம்பியில் ஒன்று குந்தியிருந்தது,
வாலைத் தொங்கவிட்டு,
மற்றக் கம்பியைப் பற்றி யோசித்தபடி.
சுவர்ணிகா ஆஸ்பத்திரி உடுப்போடு தெருவில் நின்று
ஒரு கதலிப்பழத்தைத் தூக்கிக் காட்டினாள்.
நாற்பது.
அது பழத்தைப் பார்த்தது. அவளைப் பார்த்தது.
அறுபது.
அவள் தோலை உரித்துக் காட்டினாள்.
எண்பத்தேழில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கூரைத் தகரத்தில் தொம்மென்று ஒரு சத்தம்.
லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது தர்மசீலன் வீட்டுக் கலியாணம்
மூன்றரை மணித்தியாலத்தில் முடிகிறது.
தாலி கட்டும் இடத்தில் மட்டும்
காற்றாடி கொஞ்சம் உரத்துக் கதைக்கும்.

இரவு ஒன்பதுக்கே வேலை இல்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
நேற்று இருவரும் அந்தக் கலியாணத்தை
முதலிலிருந்து கடைசிவரை இருந்து பார்த்தோம்.
எங்களுடையதில் கமரா இல்லை.
ஒரு தறப்பாள், இரண்டு சாட்சி,
யாரோ இரவல் தந்த சீலை.
"ஐயர் நல்லா இழுக்கிறார், வெட்டலாமே" என்றாள்.
வெட்டவில்லை.

பழைய செயலி டொபிப் பேணிக்குள் இருக்கிறது.
விலை கேட்க ஆளில்லை.
பக்கத்தில் அதே பஞ்சில்
பல்லி முட்டை இரண்டையும் வைத்திருக்கிறாள்.
மூடி போடவில்லை.